தாய்லாந்து வாட்டில் நாம் எங்கே உட்காருவது?

12 ஜூன் 2024 — கேள்வி

வேலைக்காக பாங்காக் வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு வாட், அதாவது பௌத்தக் கோயில், இருக்கிறது. நான் பௌத்தன் இல்லை, ஆனால் சாமி கும்பிட்டு வளர்ந்தவன். உள்ளே போனால் மற்றவர்களோடு சேர்ந்து வணங்கலாமா, ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவதுதான் மரியாதையா? நம்பிக்கை இல்லாத சடங்கைச் செய்தால் நடிப்பது போல இருக்கிறது. செய்யாமல் நின்றால் திமிர் போல இருக்கிறது. இங்கே பல வருடம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூன், இரவு

நான் பாங்காக்கில் தோன்புரிப் பக்கம் ஏழு வருடமாக இருக்கிறேன். என் பதில்: ஓரமாக இருங்கள். தெரியாத சடங்கில் கை வைக்க வேண்டாம்.

தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். நிலைப்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். இது ஒன்றும் நமக்குப் புதிதில்லை. புத்தர் சிலையை நோக்கியோ பிக்குவை நோக்கியோ காலை நீட்டக் கூடாது. பிக்குவைப் பெண்கள் தொடக் கூடாது, அவரிடம் நேரடியாக எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. மதியத்துக்கு மேல் பிக்குகளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தபடி படம் எடுக்கக் கூடாது.

இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் அவர்களுடையது. மரியாதையாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

13 ஜூன், காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழையை ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி. மதியத்துக்கு மேல் கொடுக்கக் கூடாதது உணவு மட்டும்தான். நண்பகலுக்குப் பிறகு பிக்குகள் திட உணவு சாப்பிடுவதில்லை, அதனால் அந்த விதி. மருந்து, சோப்பு, துணி, நோட்டுப் புத்தகம் எல்லாம் மாலையிலும் கொடுக்கலாம்.

உட்காரும் முறையையும் விட்டுவிட்டேன். இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடக்கி, பாதம் பின்னால் போகும்படி உட்கார்வதற்கு ‘பப் பியப்’ என்று பெயர். பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். அப்போது மெதுவாக மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சப்பணமிட்டு உட்கார்ந்தாலும் யாரும் விரட்டப் போவதில்லை. ஆனால் ஓதும் நேரத்தில் பப் பியப்தான் பணிவு.

13 ஜூன், மதியம்

இன்னொன்று நினைவுக்கு வந்தது. இங்கே விழுந்து வணங்குவதற்கு ‘பெஞ்சாங்க பிரதித்’ என்று பெயர். வந்த புதிதில் இது என்ன சொல் என்று தெரியவில்லை. ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தபோது பிடிபட்டது: பஞ்சாங்கம். இரண்டு முழங்கால், இரண்டு முன்கை, நெற்றி என்று ஐந்து அங்கம். நம் ஊரில் பெண்கள் செய்கிற அதே நமஸ்காரத்தை இங்கே ஆண்களும் செய்கிறார்கள். மூன்று முறை: புத்தருக்கு, தர்மத்துக்கு, சங்கத்துக்கு.

காது பழகப் பழக இப்படி நிறையக் கிடைக்கும். ‘தாம் புன்’ என்றால் புண்ணியம் செய்வது. ‘விஹான்’ விகாரை, புத்தர் சிலை உள்ள வழிபாட்டு மண்டபம். ‘சங்கத்தான்’ சங்க தானம். பிக்கு தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் ‘ஆத்தமா’ என்பார், நம் ஆத்மாதான். ‘புத்தம் சரணம் கச்சாமி’ இங்கே ‘புத்தங் சரணங் கச்சாமி’ என்று ஒலிக்கும். அதை முதல் முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

15 ஜூன்

கட்டணம் பற்றி இரண்டு பேர் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், அரண்மனை வளாகத்தில் உள்ள வாட் ப்ரா கேவுக்கு வெளிநாட்டவருக்கு 500 பாட், தாய் மக்களுக்கு இலவசம். வாட் போவிலும் அப்படித்தான், 2024-லிருந்து 300 பாட். வேலை அனுமதி இருக்கிறது, வரி கட்டுகிறேன், அப்புறம் எதற்கு டிக்கெட் என்ற எரிச்சல் எனக்கும் முதல் இரண்டு வருடம் இருந்தது.

இப்போது இல்லை. அந்தப் பெரிய வாட்டுகளுக்கு நான் வழிபடப் போவதில்லை, ஊரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிப் போகிறேன். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாட்டில் டிக்கெட் ஜன்னலே இருக்காது. நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேல் வாட்டுகள் இருக்கின்றன, பணம் கேட்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றை மட்டும் பார்த்துவிட்டு ‘இங்கே கோயில் எல்லாம் வியாபாரம்’ என்று சொல்லாதீர்கள், அது நியாயமில்லை.

21 ஜூன்

இன்று வன் ப்ரா, புனித நாள். காலையில் போய்விட்டு வந்தேன். கேள்வி கேட்ட தம்பிக்கு இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: ஒரு வாட்டை அறிய வேண்டுமானால் வன் ப்ரா அன்று காலை ஏழு மணிக்குப் போங்கள். மாதத்தில் நான்கு நாள் வரும். வளர்பிறை எட்டு, பௌர்ணமி, தேய்பிறை எட்டு, அப்புறம் அமாவாசை. தாய் நாட்காட்டியில் அந்தத் தேதிகளில் சின்னதாக ஒரு புத்தர் படம் போட்டிருக்கும்.

அஷ்டமி அன்று நாம் புது வேலை தொடங்க மாட்டோம். இங்கே அதே நாளில் வெள்ளை உடுத்திக்கொண்டு எட்டு சீலம், அதாவது எட்டு ஒழுக்க நெறிகள், ஏற்று, பாட்டிமார்கள் இரவு வாட்டிலேயே தங்குகிறார்கள். நாள் ஒன்றுதான், அதைப் பிடித்த விதம் வேறு.

பெரிய நாட்களையும் பாருங்கள். மாக்க பூச்சா நம் மாசி மகம். விசாக்க பூச்சா நம் வைகாசி விசாகம். இந்த வருடம் விசாக்க பூச்சாவும் வைகாசி விசாகமும் மே 22 அன்று ஒரே நாளில் வந்தன. அங்கே அம்மா முருகன் கோயிலுக்குப் போயிருந்தார், இங்கே நான் கையில் மெழுகுவர்த்தியோடு நின்றேன். இரவு தொலைபேசியில் பேசியபோது இருவர் வீட்டு ஜன்னலிலும் ஒரே நிலா.

22 ஜூன்

ஒரு பெண் கேட்டிருக்கிறார்: பிக்குவுக்கு நாம் எதையும் நேரடியாகக் கொடுக்கக் கூடாதென்றால் எப்படிக் கொடுப்பது?

பிக்கு தன் முன்னால் ஒரு சிறு துணியை விரித்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் பொருளை அதன் மேல் வையுங்கள். காலையில் பாத்திரம் ஏந்தி வரும்போது துணி தேவையில்லை, பாத்திரத்துக்குள் வைத்தால் போதும். அப்போது செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், அவர் வெறுங்காலோடு நிற்கிறார். இது பெண்களைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு என்று நான் முதலில் நினைத்தேன். விதி பிக்குவின் மேல்தான் இருக்கிறது, மீறினால் குற்றமும் அவருக்குத்தான். ஆனால் நெரிசலான படகில் அந்தச் சுமையைச் சுமந்து ஒதுங்கி நிற்பவள் பெண்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

30 ஜூன்

முதல் நாள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ‘ஓரமாக இருங்கள், தெரியாத சடங்கில் கை வைக்க வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. நான் ஐந்து வருடம் அப்படி இருந்தேன் என்பதால் உங்களையும் அப்படி இருக்கச் சொல்லிவிட்டேன். அது எப்படி மாறியது என்று சொல்கிறேன்.

2021-இல் அப்பா இறந்தார். விமானம் இல்லை, போனாலும் திரும்பி வர வழியில்லை. ஊரில் என் தம்பி கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் இங்கே சமையலறையில் உட்கார்ந்து பார்த்தேன். மறு வருடம் முதல் திதிக்கும் போக முடியவில்லை. அன்று காலை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டை விட்டு இறங்கி நடந்தேன். கால் பழக்கத்தில் வாட்டுக்குள் போய்விட்டது. விஹானில் பின்னால் தூண் ஓரமாக, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றேன்.

அங்கே ஒரு பாட்டி தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில்தான் இருக்கிறார், எல்லாரும் யாய் என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் அம்மாவை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். என் அரைகுறை தாய் மொழியில் ‘அப்பா, இன்று ஒரு வருடம்’ என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினார், உட்கார்ந்தேன். தன் பையிலிருந்த தானப் பொருளில் பாதியை எடுத்து என் முன்னால் வைத்தார். பிக்கு வந்தார். நான் பௌத்தரா, எந்த நாடு, எதையும் அவரும் கேட்கவில்லை. அப்பாவின் பெயரை மனதில் சொல்லிக்கொள் என்றார்.

அப்புறம் ஒரு சின்னப் பித்தளைக் குவளையும் கிண்ணமும் வந்தன. பிக்குகள் ஓத ஓத, குவளையிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீரை இடைவிடாமல் மெல்ல ஊற்ற வேண்டும். செய்த புண்ணியம் இறந்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று தாரை வார்க்கும் இந்தச் சடங்குக்கு ‘க்ரூவத் நாம்’ என்று பெயர். என் கை நடுங்கியது. யாய் ஒரு விரலால் என் முழங்கையைத் தொட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர் யாயின் தோளைத் தொட்டார், அவரை இன்னொருவர். ஊற்றுபவரைத் தொட்டுக்கொண்டால் எல்லாருக்கும் அதில் பங்கு என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு. அப்பாவுக்காக அத்தனை பேர் சேர்ந்து தண்ணீர் ஊற்றினார்கள்.

கிண்ணத்துத் தண்ணீரை வெளியே மரத்தடியில் கொட்ட வேண்டும் என்றார் யாய். கொட்டினேன். எள்ளும் தர்ப்பையும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அதை நம்பினேனா என்று கேட்டால், தண்ணீர் விழும்போது அந்தக் கேள்வியே எழவில்லை. ஆகவே தம்பி, யாராவது பாயைத் தட்டிக் காட்டினால் உட்காருங்கள்.

1 ஜூலை

நேற்று எழுதியதற்கு நிறையப் பேர் அன்பாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் மட்டும், ‘நடிப்பாகாதா என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை’ என்கிறார். சரியான கேள்வி.

எனக்குத் தெரிந்தவரை இங்கே யாரும் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பதில்லை. ஆனால் ஐந்து சீலம் எடுப்பது வேறு விஷயம். அது வாக்கு. பாலி மொழியில் ஒவ்வொன்றாகச் சொல்லி ஏற்கிறோம்: உயிரைக் கொல்வதில்லை, கொடுக்காததை எடுப்பதில்லை என்று போகும். காப்பாற்றும் எண்ணம் இல்லாவிட்டால் அந்த வரிகளில் வாயை மூடிக்கொண்டு கைகூப்பி இருங்கள். நான் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். வணங்குவது மரியாதை, தண்ணீர் ஊற்றுவது அன்பு, சீலம் வாக்குறுதி. மூன்றும் ஒன்றில்லை.

4 ஜூலை

தான வாளி பற்றி. கடைகளில் மஞ்சள் வாளியில் பொருட்களை அடுக்கி, கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருப்பார்கள். நான் முதலில் வாங்கிக் கொடுத்தது அதுதான். ஒரு நாள் வீட்டில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மேலே சோப்பும் பற்பசையும், அடியில் சுருட்டிய காகிதம். அங்கியென்று இருந்தது கைக்குட்டை அளவுத் துணி. தேயிலைப் பொட்டலத்தில் தேதி முடிந்திருந்தது. அன்று அழுகை வந்தது. எத்தனை பேர் இதைத் தலைக்கு மேல் தூக்கி வணங்கிவிட்டுக் கொடுத்திருப்பார்கள்.

அதன் பிறகு நானே வாங்கி அடுக்குகிறேன். எங்கள் வாட்டில் ஒரு லுவாங் போவிடம், வயதான பிக்குவை அப்படித்தான் அழைப்பார்கள், என்ன தேவை என்று நேரடியாகக் கேட்டேன். சவர பிளேடு, காயத்துக்கு மருந்து, மின்விளக்கு, துடைப்பம், சாமணேரப் பையன்களுக்கு, அதாவது இளந்துறவிகளுக்கு, பேனா என்றார். துடைப்பம் வாங்கிப் போன அன்று அவர் முகத்தில் வந்த சிரிப்பை எந்த வாளிக்கும் பார்த்ததில்லை.

பணம் கொடுப்பதானால் பிக்கு கையில் வைக்காதீர்கள். உண்டியலில் போடுங்கள்.

14 ஜூலை

வேலையாக சியாங் மாய் போய் வந்தேன். வாட் சேடி லுவாங் வளாகத்தில் நகரத் தூண் இருக்கும் மண்டபம் ஒன்று உண்டு, இந்தகின் தூண். பெண்கள் நுழையக் கூடாது என்று பலகை இருக்கிறது. கூட வந்த சக ஊழியர்கள் உள்ளே போனார்கள், நான் வெயிலில் நின்றேன். கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. ‘அவர்கள் மரபு, நாம் விருந்தாளி’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள நான் தயாராக இல்லை. பலகைக்குக் கட்டுப்பட்டேன், உடன்படவில்லை. நம் ஊர்க் கோயில்களில் இதே மாதிரிப் பலகைகளைப் பார்த்துக் கோபப்படுகிறவள்தான் நான்.

15 ஜூலை

நேற்றைய சூட்டைத் தணிக்க வேறொன்று சொல்கிறேன். பாங்காக்கில் வாட் சுதாட்டுக்கு எதிரே உயரமாக ஒரு சிவப்பு ஊஞ்சல் சட்டம் நிற்கும். அதற்குப் பக்கத்தில் அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம், 1784-இல் கட்டியது. மார்கழி, தை ஒட்டி அங்கே நடக்கும் விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சல் ஆடுவதை 1930-களில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் ஓதுதல் நிற்கவில்லை. ஓதுகிறவர்களுக்கே தமிழ் தெரியாது. நூற்றாண்டுகளாக ஒலியை மட்டும் கையில் ஏந்தி வந்திருக்கிறார்கள்.

நம்பிக்கை, பொருள், நடிப்பு என்று இங்கே விவாதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிராமணர்கள் நினைவு வருகிறது. பொருள் தெரியாமல் ஓதிய அவர்களால்தானே அது இன்னும் இருக்கிறது.

20 ஜூலை, இரவு

இன்று ஆசான்ஹ பூச்சா, புத்தர் முதல் உபதேசம் செய்த நாள், நம் ஆடிப் பௌர்ணமி. இப்போதுதான் வந்தேன், கையில் மெழுகு ஒட்டியிருக்கிறது. மூன்று ஊதுபத்தி, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தாமரை. ‘போட்’ என்னும் துறவேற்பு மண்டபத்தை வலமாக மூன்று சுற்று, இதற்கு ‘வியன் தியன்’ என்று பெயர். முன்னால் போன ஒரு பையன் மெழுகு அணைந்ததும் நின்று என் மெழுகில் பற்றவைத்துக்கொண்டான். நாலு முறை அணைந்தது, நாலு முறையும் திரும்பி வந்தான். ஐந்தாவது முறை அவன் திரும்புவதற்கு முன்பே நான் நீட்டிவிட்டேன். இருவரும் சிரித்தோம்.

புதிதாக வருபவர்கள் சுற்றும் திசையை மட்டும் கவனியுங்கள். பிணத்தைத் தகனத்துக்குக் கொண்டு போகும்போதுதான் இடமாகச் சுற்றுவார்கள். கூட்டத்தோடு போனால் தவறு வராது.

21 ஜூலை

இன்றிலிருந்து பன்ஸா, மழைக்கால மூன்று மாதம். பிக்குகள் இரவு வேறெங்கும் தங்காமல் ஒரே வாட்டில் இருப்பார்கள். முளைத்த பயிரை மிதித்துவிடக் கூடாது என்று தொடங்கிய பழக்கம். பாங்காக்கில் மிதிக்கப் பயிர் எங்கே இருக்கிறது என்று யாயிடம் கேட்டேன். ‘அதனால்தான் எங்களைப் பார்க்க இங்கேயே இருக்கிறார்கள்’ என்றார். நல்ல பதில்.

2 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: நான்கு வன் ப்ரா தொடர்ந்து போனாராம். முதல் முறை யாரும் பார்க்கவில்லை, இரண்டாம் முறை பார்த்தார்கள், மூன்றாம் முறை தண்ணீர் கொடுத்தார்கள், நான்காம் முறை பாத்திரம் கழுவக் கூப்பிட்டார்கள். நாலே வாரத்தில் பாத்திரம்! எனக்கு ஐந்து வருடம் ஆனது, ஏனென்றால் நான் தூண் ஓரத்தை விட்டு நகரவில்லை.

வாசற்படி, கால், தோள் பற்றி நான் எழுதிய விதிகளெல்லாம் தேவைதான். தெரியாமல் ஒன்றைச் செய்தாலும் அவர்கள் மெல்லத் திருத்துவார்கள். ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

18 அக்டோபர்

நேற்றோடு பன்ஸா முடிந்தது. இனி ஒரு மாதத்துக்குள் கதின், பிக்குகளுக்கு அங்கி கொடுக்கும் விழா. ஒரு வாட்டுக்கு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் நடக்கும். எங்கள் வாட்டில் நவம்பர் 3, ஞாயிறு. தாமரை இதழ் மடிக்க ஆள் போதவில்லை, விடியற்காலை ஐந்துக்கே வா என்று யாய் சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் இதழ் கிழிகிறது. கிழிந்ததை உள்பக்கம் வைத்து மடித்துவிடலாம் என்று காட்டிக்கொடுத்திருக்கிறார்.

தோன்புரிப் பக்கம் இருப்பவர்கள் தனியாகச் செய்தி அனுப்புங்கள், வழி சொல்கிறேன். விஹானுக்குள் நுழைந்து வலது பக்கம், மூன்றாவது தூணைத் தாண்டி, மின்விசிறிக்குக் கீழே பச்சைப் பாய். இன்னும் நாலு பேர் உட்காரலாம்.